சதுரங்க வீரர் மர்ஹூம் மீர் சுல்தான் கான்

 

நமது சங்க இதழில் காலஞ்சென்ற பிரபலஸ்தர் ஒருவருடைய சரித்திரத்தை எழுதித் தரும்படி செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மார்க்க மேதைகளின் வரலாற்றை எழுத நம்மிடையே ஆலிம்கள் இருக்கிறார்கள். அடியேன் ஊரில் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டு, சிறு வயதிலேயே மாமாவின் மளிகைக் கடைக்கு வந்து தராசைப் பிடித்தவன். எனக்குத் தெரிந்தது வியாபாரம். அதற்கு அடுத்தபடியாகத் தெரிந்தது, கடை அஞ்சடியில் பலகையை விரித்து ஆடும் சதுரங்கம். ஆகையால் அந்த ஆட்டத்தில் சீமையையே வென்று வந்த ஒரு முஸ்லிம் வீரருடைய சரித்திரத்தை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதத் துணிந்தேன். குற்றங்குறை இருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு இந்த ஆட்டம் புதிதன்று. பால் நிறுத்து முடிந்து, மாலைச் சாமான் வாங்கும் கூட்டமும் கலைந்த பிறகு, தோட்டத்துக் கிராணியாரும் கடை முதலாளியும் எதிரெதிரே அமர்ந்து காய் நகர்த்தியதைக் கண்ட பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இன்று ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயங்களிலிருந்து நம் மக்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். ஆயினும் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை விடாமல் ஆடி வருகிறார்கள்.

நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சதுரங்கம் ஆடலாமா என்பதே அது. இதில் இமாம்களுக்கிடையே அபிப்பிராய பேதம் உண்டு. பலர் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயப் பணம் கலவாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் ஹராம் ஆகாது, ஆயினும் மக்ரூஹ் என்று கிதாபுகளில் காணப்படுகிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுவோர் ஆலிம்களையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரன் ஃபத்வா கொடுப்பது முறையன்று.

ஆட்டத்தின் பூர்வீகம்

இந்த ஆட்டம் ஹிந்துஸ்தானத்தில் பிறந்தது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையைக் குறிப்பதால் சதுரங்கம் என்று பெயர் பெற்றது. அங்கிருந்து பாரசீகத்துக்குச் சென்றது. பின் அரபிகள் அதை ஷத்ரஞ்ச் என்று அழைத்தார்கள். பக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் சபையில் அஸ்ஸூலி போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆட்டத்தைப் பற்றி அரபியில் கிதாபுகளும் எழுதப்பட்டன. அரபிகள் வழியாகவே அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. நம் மலாய்ச் சகோதரர்கள் இதனைச் சாத்தூர் என்று சொல்வதும் அதே பழைய பெயரின் மிச்சந்தான். அவர்கள் காலாளைப் பிடாக் என்று சொல்வது அரபியிலிருந்து வந்த சொல்லாகும்.

ஐரோப்பாவுக்குச் சென்ற ஆட்டம் அங்கே வேகமாக மாறிவிட்டது. நம் பக்கத்து ஆட்டமோ பழைய முறையிலேயே நின்றது. சீமை ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். நம் ஆட்டத்தில் ஒரே கட்டந்தான். சீமை ஆட்டத்தில் ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கும் ஏற்பாடு உண்டு. நம் ஆட்டத்தில் அது கிடையாது, அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போல் தாண்டலாம். சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்தால் சீமையில் விரும்பிய காயாக மாறும்; இங்கே எந்தக் காயின் வரிசையில் சென்று சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும். இந்த வித்தியாசங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வீரர் ஒரு தராசில் நிறுக்கப் பழகி, வேறொரு தராசில் நிறுத்து வென்றவர்.

பிறப்பும் இளமையும்

மீர் சுல்தான் கான் அவர்கள் 1900-களின் ஆரம்பத்தில் பஞ்சாப் மாகாணத்தில் குஷாப் பக்கத்திலுள்ள மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். இப்போது அவ்வூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. தகப்பனார் மியான் நிஜாமுத்தீன். அவர் தாமே சதுரங்கத்தில் தேர்ந்தவர். மகனுக்கு ஒன்பது வயதில் ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பஞ்சாப் கிராமங்களில் இந்த ஆட்டத்துக்கு அச்சிட்ட புத்தகமோ பள்ளியோ இல்லை. பெரியவர்கள் ஆடுவதைப் பார்ப்பது, தோற்பது, தோற்றதன் காரணத்தை யோசிப்பது என்ற மூன்றுமே பாடம். இந்தப் பாடத்தில் இளைஞர் சுல்தான் கான் வெகு சீக்கிரம் தேறினார். இருபத்தோரு வயதில் பஞ்சாபிலேயே இவருக்கு நிகரில்லை என்று பேரெடுத்தார்.

அந்தப் பிரதேசத்தில் பெரிய ஜமீன்தாராக இருந்தவர் நவாப் சர் உமர் ஹயாத் கான் திவானா. இவர் பிரிட்டிஷ் சர்க்காரிடம் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர். 1911-ம் வருஷம் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு நடந்த தர்பாரில் கட்டியம் கூறும் பதவி வகித்தவர். சதுரங்கத்தில் அளவற்ற பிரியம் கொண்டவர். இவர் சுல்தான் கானை அழைத்து, சம்பளமும் சாப்பாடும் இருக்க இடமும் கொடுத்து, தமது எஸ்டேட்டில் ஓர் ஆட்டக்கார அணியை உண்டாக்கும்படி சொன்னார். சீமை முறை ஆட்டத்தின் விதிகளையும் அங்கேதான் சுல்தான் கான் கற்றுக்கொண்டார்.

1928-ம் வருஷம் அகில இந்தியச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. சுல்தான் கான் அகில இந்திய வீரரானார். நவாப் சாஹிப் இந்தியா மந்திரியின் ஆலோசனை சபையில் அங்கம் பெற்று லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. 1929-ம் வருஷம் வசந்த காலத்தில் அவர் கப்பல் ஏறியபோது சுல்தான் கானையும் உடன் அழைத்துச் சென்றார்.

சீமையில் முதல் பரீட்சை

லண்டன் போய்ச் சேர்ந்ததும் அவருக்காக ஒரு சிறு பயிற்சிப் போட்டி வைத்தார்கள். அதில் நம் வீரர் கடைசி இடத்தை இன்னொருவருடன் பங்கிட்டுக்கொண்டார். சீமை ஆட்டத்தில் முதல் பத்து, பதினைந்து நகர்த்தல்களைப் புத்தகத்தில் படித்து மனனம் செய்து வைத்திருப்பார்கள். சுல்தான் கானுக்கு அந்தப் புத்தகப் படிப்பு இல்லை. ஆங்கிலமும் தெரியாது. சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து வரும் வேகமே அவருக்குப் புதிது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அந்தப் போட்டியில் அவருக்கு மேலே வந்த வில்லியம் வின்டர், ஃபிரெட் யேட்ஸ் என்னும் இரண்டு ஆங்கில வீரர்கள், அவரைப் பார்த்து நகைக்கவில்லை. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். யேட்ஸ் பல தடவை பிரிட்டிஷ் பட்டம் வென்றவர். வரப்போகும் போட்டியில் தமக்கே எதிராளியாகக் கூடியவருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுப்பது சாமானிய மனிதர் செய்யும் காரியமன்று. பக்கத்துக் கடைக்காரருக்குச் சரக்கு எங்கே மலிவு என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

அந்தக் கோடையில் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. சில மாதங்களுக்கு முன் கடைசியாக வந்தவர் அதில் முதலாவதாக வந்தார். இந்தியர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. பஞ்சாப் கிராமத்திலிருந்து வந்த தலைப்பாகைக்காரர் சாம்ராஜ்யத்தின் தலைநகரத்தாரை அவர்களுடைய ஆட்டத்திலேயே தோற்கடித்துவிட்டார் என்பது எங்கும் பேச்சாயிற்று.

கீர்த்தியின் உச்சம்

பட்டம் பெற்ற பின் நவாபுடன் தாயகம் திரும்பிய சுல்தான் கான், 1930-ம் வருஷம் மே மாதம் மீண்டும் ஐரோப்பாவுக்கு வந்தார். அதன் பிறகு மூன்றரை வருஷ காலம் அவர் அடைந்த வெற்றிகள் பல. பெல்ஜியத்தில் லியேஜ் நகரில் டார்ட்டகோவர் என்னும் வீரருக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் பெற்றார். மறு வருஷம் அதே டார்ட்டகோவருடன் பன்னிரண்டு ஆட்டங்கள் தனியாக ஆடி, ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

1930-ம் வருஷக் கடைசியில் ஹேஸ்டிங்ஸ் நகரில் பெரிய போட்டி தொடங்கியது. அதில் கியூபா தேசத்து காப்பாபிளாங்கா ஆடினார். அவர் 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். அவர் தோற்பதே அபூர்வம். சுல்தான் கான் அவரோடு 65 நகர்த்தல்கள் ஆடினார். அவசரப்படவில்லை, தந்திரமாகக் காயைப் பலி கொடுத்துப் பிரமிக்கச் செய்யவும் இல்லை. கட்டம் கட்டமாக இடத்தைப் பிடித்து, எதிராளிக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்து, கடைசியில் சரணடையச் செய்தார். நூல் நிறை தவறாமல் நிறுக்கும் வியாபாரியின் பொறுமை அது. அந்தப் போட்டியில் முதல் இடம் ஹாலந்து தேசத்து யூவே, இரண்டாவது காப்பாபிளாங்கா, மூன்றாவது நம் சுல்தான் கான். இந்த யூவேதான் 1935-ல் உலக சாம்பியனானார். புத்தகப் படிப்பில்லாமல் இவ்வளவு தூரம் வந்தது அசாதாரணமான மேதைமை என்று காப்பாபிளாங்காவே பிற்காலத்தில் இவரைப் பற்றிப் பாராட்டி எழுதினார்.

தேசங்களுக்கிடையே நடக்கும் ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் மூன்று தடவை அமர்ந்தார். 1930-ல் ஹாம்பர்க், 1931-ல் பிராக், 1933-ல் ஃபோக்ஸ்டன். பிராக் நகரில் 17 ஆட்டங்களில் 8 வெற்றி, 7 சமநிலை, 2 தோல்வி. அங்கே ஃப்ளோர், ரூபின்ஸ்டைன் ஆகிய பேர்போன வீரர்களை வென்றார். அப்போது உலக சாம்பியனாக இருந்த அலெகைனோடு சமநிலை செய்தார். 1932-ல் லண்டனிலும் 1933-ல் ஹேஸ்டிங்ஸிலும் பிரிட்டிஷ் பட்டத்தை மறுபடியும் வென்றார். ஆக மூன்று பட்டம். அந்நாளில் உலகத்தின் தலைசிறந்த பத்து ஆட்டக்காரரில் ஒருவராக அவரை வைத்து எண்ணினார்கள்.

1933-ல் அதே ஹேஸ்டிங்ஸில் இன்னோர் அதிசயமும் நிகழ்ந்தது. நவாப் வீட்டில் இருந்த பாத்திமா என்னும் இளம் பெண், பெண்களுக்கான பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். பதினோரு ஆட்டங்களில் பத்து வெற்றி, ஒரு சமநிலை. ஒரே வீட்டிலிருந்து வந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இருவரும் முஸ்லிம்கள், ஒரே வருஷத்தில் சீமையின் இரு பட்டங்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வெற்றி, உள்ளே வருத்தம்

ஆனால் இத்தனை கீர்த்தியிலும் அவருக்குச் சுகம் இருக்கவில்லை. இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாக் காய்ச்சல், ஜலதோஷம், தொண்டை வலி என்று மாறி மாறி வந்தன. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆட வந்து அமர்வார். மொழி தெரியாத இடத்தில், உறவினர் இல்லாத ஊரில், பலகைக்கு எதிரே மணிக்கணக்காக மௌனமாக இருப்பார்.

அவர் நவாப் வீட்டு வேலைக்காரர் என்றே சீமைப் பத்திரிகைகள் எழுதின. 1933-ல் அமெரிக்க அணியினரை நவாப் விருந்துக்கு அழைத்தபோது, முதல் பலகை வீரரான சுல்தான் கானே உணவு பரிமாறினார் என்று அந்த அணியைச் சேர்ந்த ஒருவர் பின்னாளில் எழுதி வைத்தார். 2020-ல் வெளியான ஒரு சரித்திர நூலும் அவரை வேலைக்காரர் என்றே தலைப்பில் குறித்தது. அவருடைய பேத்தி இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார். தங்கள் பாட்டனார் நிலபுலன் உள்ள, பீர்களின் வம்சத்தைச் சேர்ந்தவர், எழுத்தறியாதவரும் அல்லர், ஆங்கிலம் தெரியாததை வைத்து அவரைப் படிப்பற்ற ஏவலாளாகச் சித்திரித்தது வெள்ளையரின் பார்வைக் கோளாறு என்பது குடும்பத்தாரின் வாதம். ஒருவர் பாஷை தெரியாமல் நின்றால் அவரைக் கூலி என்று முடிவு கட்டுவது நம் பாட்டன்மாருக்கும் இந்த நாட்டில் நேர்ந்ததுதான். ஆகவே குடும்பத்தாரின் மனவருத்தம் நமக்கு எளிதில் விளங்கும்.

வேலைக்காரரோ, விருந்தாளியோ, எப்படி இருந்தாலும் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை. கப்பல் சீட்டு அவர் கையில் இல்லை. போவதும் வருவதும் ஆடுவதும் நிறுத்துவதும் இன்னொருவர் சௌகரியத்தைப் பொறுத்தவை. 1933-ம் வருஷம் டிசம்பர் மாதம் நவாப் சீமை வாசத்தை முடித்துக்கொண்டு தாயகம் புறப்பட்டார். சுல்தான் கானும் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. சதுரங்கக்காரருக்கு அதுதான் நடு மத்தியானம். ஆனாலும் அவர் அழுதுகொண்டு போகவில்லை. சிறையிலிருந்து விடுபட்டது போன்ற நிம்மதி அடைந்தார் என்று பாத்திமா பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

கடைசிக் காலம்

1935-ல் காதில்கர் என்னும் இந்திய வீரரோடு பத்து ஆட்டங்கள் ஆடினார். ஒரே ஓர் ஆட்டம் சமநிலை. மற்ற ஒன்பதும் சுல்தான் கானுக்கே. கை மழுங்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதன் பிறகு ஐரோப்பாவின் பெரிய போட்டி மண்டபங்கள் அவரைக் காணவில்லை. அழைத்துப் போக ஆளில்லை. அனுப்பி வைக்க ஒரு ஸ்தாபனமும் இல்லை. நவாப் 1944-ல் காலமானார். 1947-ல் தேசம் பிரிந்தது. சுல்தான் கான் சர்கோதா பக்கத்தில் தமது பூர்வீக நிலத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டு, மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்தார்.

1950-ல் உலகச் சதுரங்க சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை முறைப்படி ஏற்படுத்தி, 27 பேருக்கு வழங்கியது. பழைய காலத்தில் கீர்த்தி பெற்று ஆட்டத்திலிருந்து ஓய்ந்துவிட்ட ரூபின்ஸ்டைனுக்கும் அது கிடைத்தது. அந்த ரூபின்ஸ்டைனைப் பிராகில் வென்ற சுல்தான் கானுக்குக் கிடைக்கவில்லை. அவருக்காக எடுத்துச் சொல்ல யாருமில்லை.

தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கத்தைப் பயிற்றுவிக்கவில்லை. வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ள காரியத்தைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம். உலக சாம்பியன்களைத் திகைக்க வைத்த ஒருவர் தம் வீட்டில் பலகையை மூடி வைத்தார் என்றால், அதில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்று நாம் யோசிக்க வேண்டும். காச நோயால் பீடிக்கப்பட்டு 1966-ம் வருஷம் ஏப்ரல் 25-ம் தேதி வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் இறந்து ஏறக்குறைய 58 வருஷங்கள் கழிந்த பின், 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம், உலக சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அவர் பெயருக்கு அளித்தது. வசூலாகாது என்று தள்ளிய பழைய பாக்கி, பேரன் பேத்தி காலத்தில் வந்து சேர்ந்தது போலாயிற்று.

தேசத்தில் ஆட்டம் வளர்ந்த விதம்

இனி, அவருக்குப் பின் இந்தியாவில் இந்த ஆட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். 1951-ல் அகில இந்தியச் சதுரங்க சம்மேளனம் ஏற்பட்டது. 1955-ல் ஆந்திராவில் ஏலூரு நகரில் தேசியப் போட்டி நடந்தது. 1956-ல் மாஸ்கோ ஒலிம்பியாடுக்கு இந்திய அணி முதல் தடவையாகப் போயிற்று. பர்மாவில் தௌங்கூ நகரில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன் 1961-ல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியருக்கு அதுவே முதல். அவர் ஒன்பது தடவை தேசியப் பட்டம் வென்றார். அதோடு நிற்காமல் 1972-ல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் டால் சதுரங்கக் கழகத்தை ஏற்படுத்தினார். அங்கே புத்தகம் இருந்தது, பலகை இருந்தது, யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம். அங்கே வந்து ஆடிய சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலக சாம்பியனும் ஆனார்.

போபால் நகரத்துத் தச்சர் ரஃபீக் கான் என்னும் முஸ்லிம் சகோதரரும் இந்த வழியில் வந்தவரே. நாற்காலி மேசை செய்து பிழைத்தவர், தேசிய அணியில் இடம் பெற்று, 1980-ல் மால்டா ஒலிம்பியாடில் தம் பலகைக்கு வெள்ளிப் பதக்கம் வென்றார். அவருக்கு நவாப் யாரும் தேவைப்படவில்லை. போட்டி இருந்தது, போனார், ஆடினார்.

2022-ல் மாமல்லபுரத்தில் உலக ஒலிம்பியாடே நடந்தது. 2024-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி, நமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் உலக சாம்பியனானார். இன்று இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் 80 பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவாபின் தயவால் ஒரு மகா மேதை ஐந்து வருஷம் பிரகாசித்தார். நவாப் ஊர் திரும்பியதும் விளக்கு அணைந்தது. கழகங்களும் சங்கங்களும் சிறுகச் சிறுகச் செய்த ஏற்பாட்டால் ஒரு தேசமே எழுந்தது. ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் வந்தார். நவாபை நாம் குறை சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் சுல்தான் கானை உலகம் அறிந்திராது. ஆனால் ஒருவருடைய பிரியத்தின் மேல் கட்டிய காரியம் அவருடைய பிரியம் உள்ளவரைதான் நிற்கும்.

வியாபாரிகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஒரே தோட்டத்துப் பற்றுக் கணக்கை நம்பிக் கடை நடத்திய நம் முன்னோர், அந்தத் தோட்டம் கைமாறிய அன்று என்ன ஆனார்கள் என்பதை நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்தக் காலத்திலேதான், 1960-ல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏழைத் தொழிலாளிகளின் சிறு சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒரு துரையின் பெரிய பணத்தைவிடப் பல பேருடைய சிறிய பணம் நிலைத்து நின்றது.

எனது சொந்தக் கணக்கு

இந்தச் சரித்திரத்தை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்து எழுதினால் நாணயமாகாது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் என் அக்காள் மகன் பள்ளி விட்டதும் என் கடையில் உதவிக்கு நிற்பான். வயது பதினைந்து. சதுரங்கத்தில் ஜில்லா அளவில் தேர்ச்சி பெற்று, மாநிலப் போட்டிக்குச் சிரம்பான் வரும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை தீபாவளிக்கு முந்திய வியாபார நாள். தோட்டத்து ஜனங்கள் கடையில் நிறைந்திருப்பார்கள். ஆள் போதாது என்று சொல்லி நான் அவனை அனுப்பவில்லை. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முழுவதும் சர்க்கரையும் பருப்பும் பொட்டலம் கட்டினான். இன்று அவன் நல்ல நிலையில்தான் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் பிறகு அவன் காயைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கல்லாவில் எவ்வளவு சேர்ந்தது என்பது எனக்கு நினைவில்லை. அவன் முகம் நினைவிருக்கிறது.

சுல்தான் கானுக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுக்க ஒரு நவாப் இருந்தார். என் அக்காள் மகனுக்குச் சிரம்பானுக்கு பஸ் சீட்டு எடுத்துக் கொடுக்க நான் இருந்தும் இல்லாமற்போனேன். மாமனுடைய தயவு மட்டுமே வழியாக இல்லாமல், ஒரு சங்கத்தின் ஏற்பாடும் இருந்திருந்தால், சங்கத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டிருந்தால், நானும் வெட்கப்பட்டாவது அவனை அனுப்பியிருப்பேன்.

ஆகவே நமது சங்கத்தாருக்குப் பணிவாக ஒரு யோசனை கூறிக்கொள்கிறேன். அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் பத்து வெள்ளி வீதம் தனியாக ஒரு நிதி சேர்ப்போம். தோட்டப்புறப் பள்ளிகளில் சதுரங்கமோ, ஓட்டமோ, பேச்சுப் போட்டியோ, எதில் தேறினாலும், அந்தப் பிள்ளையின் பிரயாணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் இதிலிருந்து போகட்டும். எந்த இனத்துப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். அந்தத் தோட்டத்து ஜனங்கள் வாங்கிய சாமானில்தான் நாம் வளர்ந்தோம். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுத வேண்டாம். வரவு செலவை மட்டும் வருஷந்தோறும் மகாசபையில் வாசித்தால் போதும். பெருந்தொகை கொடுக்கக்கூடிய கனவான்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களும் பத்து வெள்ளியே கொடுக்கட்டும். நாளை அவர்கள் ஊர் திரும்பினாலும் நிதி நிற்க வேண்டும் அல்லவா? கடையில் பையன்களை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். போட்டி நாளில் பையனுக்கு லீவு கொடுப்பதற்கு நிதியும் தேவையில்லை.

திறமை அல்லாஹ் கொடுப்பது. அது எந்த வீட்டில், எந்த லயத்தில் இறங்கும் என்று நமக்குத் தெரியாது. இறங்கிய இடத்தில் அதை வாடவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் மேல் உள்ள அமானிதம்.

மர்ஹூம் மீர் சுல்தான் கான் அவர்களுடைய பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவர்களுடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக. நமது பிள்ளைகளுக்கு அறிவையும், அதை வெளிக்கொணரும் வாய்ப்பையும், நமக்கு அதற்குத் துணை நிற்கும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.